மீட்டர் 3.1 காட்டுகிறது, மகளை அழைத்து வரலாமா?

கேள்வி: மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் இணையத்தில் ஒரு கதிர்வீச்சு மீட்டர் வாங்கி அனுப்பினான். வீட்டுக்குள் மணிக்கு 0.28 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது. கருமணல் மேல் வைத்தால் 3.1. ஒரு நாள் இரவு 11 மணிக்கு வீட்டிலேயே 0.36-க்கு ஏறியது, ஐந்து நிமிடத்தில் 0.21-க்கு இறங்கியது. இரவில் யாரோ எதையோ வெளியே விடுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். செல்போன் கோபுரத்தின் அடியில் வைத்தேன், அங்கே 0.27 தான். மகளுக்கு இது ஏழாவது மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். மீட்டர் காட்டிய எண்ணைக் கேட்டதிலிருந்து சம்பந்தி வீட்டார் தயங்குகிறார்கள். அழைத்து வரலாமா? இந்த மீட்டரை நம்பலாமா, திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

அழைத்து வாருங்கள். நாள் பார்க்க வேண்டியிருந்தால் கடிதத்தின் மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் சம்பந்தி வீட்டாரிடம் "ஒருவர் பத்திரிகையில் சொன்னார்" என்றால் எடுபடாது. அவர்கள் முன்னால் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே நான் அதிகம் செலவழித்த நேரம் கதிர்களோடு அல்ல, மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்துப் பயந்தவர்களோடும், அதே எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் நிம்மதி அடைந்தவர்களோடும்தான்.

தகரக் கூரை வீட்டில் மழைக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு துளிக்கும் ஒரு 'தக்'. தூறலா, கனமழையா என்று காதே சொல்லிவிடும். ஆனால் விழுந்த துளி கடுகளவா, நெல்லிக்காய் அளவா என்று கூரை சொல்லாது; எல்லாவற்றுக்கும் அதற்கு ஒரே 'தக்'தான். உங்கள் மீட்டருக்குள் இருக்கும் கெய்கர் குழாய் அந்தத் தகரக் கூரை. வாயு நிரப்பிய குழாய்க்குள் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. ஒரு கதிர் உள்ளே நுழைந்து ஒரே ஓர் எலக்ட்ரானைப் பெயர்த்தெடுத்தாலும் போதும், அது ஓடி மற்றவற்றை மோத, அவை இன்னும் பலவற்றை மோத, குழாய் முழுவதும் ஒரு மின்துடிப்பு பரவும். அதுதான் நீங்கள் கேட்கும் 'டிக்'. வந்தது வலுவற்ற கதிரா, ஊடுருவிப் போகும் பலமான கதிரா என்பது அந்தத் துடிப்பில் இல்லை. ஹான்ஸ் கெய்கர் இதன் முதல் வடிவத்தை ரதர்ஃபோர்டோடு சேர்ந்து 1908-இல் செய்தார். 1928-இல் முல்லரோடு சேர்ந்து செம்மைப்படுத்தினார். இன்றைக்கும் குழாயின் குணம் மாறவில்லை.

ஆகவே மீட்டர் உண்மையில் அறிந்தது ஒன்றே ஒன்று: நிமிடத்துக்கு எத்தனை 'டிக்'. மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிரின் அளவு) என்று திரையில் வருவது, தயாரித்தவர் போட்டு வைத்த ஒரு வகுத்தல் கணக்கு. விலை குறைந்த மீட்டர்களில் வரும் கண்ணாடிக் குழாய்க்கு, நிமிடத்துக்குச் சுமார் 150 எண்ணிக்கை என்றால் மணிக்கு ஒரு மைக்ரோசீவர்ட் என்று வைத்திருப்பார்கள். இந்த 150 எங்கிருந்து வந்தது? சீசியம்-137 என்ற ஒரே ஒரு பொருளின் காமாக் கதிரை (உடலை ஊடுருவிப் போகும் வகை) வைத்து ஒப்பிட்டதிலிருந்து. எல்லாத் துளியும் ஒரே அளவு என்று முடிவு கட்டிவிட்டு, சத்தத்தை எண்ணி லிட்டர் சொல்வதைப் போன்றது. சீசியம் இருக்கும் இடத்தில் அது சரியாக இருக்கும். உங்கள் மணலில் இருப்பது தோரியம் என்ற வேறொரு கதிர்வீசும் பொருள்.

இரவு 11 மணிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். 0.28 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 எண்ணிக்கை. அணுக்கள் சிதைவதற்கு மணி அடித்து முறை வைப்பவர் யாரும் இல்லை. எந்த அணு எப்போது என்பது முழுக்கத் தற்செயல். அப்படிப்பட்ட எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கு இருக்கும். 42-க்கு வர்க்கமூலம் ஆறரை. நிமிடத்துக்கு நிமிடம் 36, 49 என்று ஆடுவது இயல்பு. அதைப்போல் இருமடங்கு ஆடுவதும் அபூர்வமில்லை. நீங்கள் பார்த்த 0.36 என்பது 54 எண்ணிக்கை, 0.21 என்பது 31 அல்லது 32. எதையும் யாரும் திறந்துவிடாமலேயே, ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் 0.36-ஐத் தொடும் எகிறல் ஐம்பது அறுபது முறையாவது வரும். பகலில் கடையில் இருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை.

இதற்கு மருந்து, பொறுமை. மீட்டரில் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் வசதி இருக்கும். ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். 2,500 எண்ணிக்கை சேரும். அதன் வர்க்கமூலம் 50. பிழை இரண்டு சதவீதம். நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்ப்பவருக்கு 15 சதவீதப் பிழை. திரையில் மூன்று தசம இடம் காட்டினாலும் அதுதான் நிலை.

அடுத்து கடற்கரை. உங்கள் ஊர் மணலின் கதை உங்களுக்கே பாதி தெரிந்திருக்கும். 1909-இல், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) இருக்கும் கரையைத் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அப்போது யாரும் அணுசக்தியைத் தேடவில்லை. வாயு விளக்குகளின் மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் வெள்ளை வெளிச்சம் கொடுத்த அந்தச் சின்னப் பையிலும் தோரியம் இருந்தது. நம் கரை மோனசைட்டில் 8 முதல் 10 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு உண்டு.

ஊரில் எல்லாரும் கருமணலைக் குற்றம் சொல்வார்கள். கறுப்பு நிறம் இல்மனைட்டுடையது; அது பெரிதாகக் கதிர்வீசுவதில்லை. சிவப்பு, கார்னெட். கதிர் வீசுவது இவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் மினுங்கும் மோனசைட். மூன்றும் வெள்ளை மணலைவிடக் கனமானவை என்பதால் அலை இவற்றைச் சேர்த்தே ஒதுக்கிப் போடுகிறது. கறுப்பு எங்கே திட்டுத்திட்டாக இருக்கிறதோ அங்கே தேன்நிறமும் இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். மழைக்காலக் கடல் கரையைப் புரட்டிப் போட்ட பிறகு பத்தடி தள்ளி வேறு எண் வரும். "கடற்கரையில் 3.1" என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், நீங்கள் மீட்டரை மணல்மேல் வைத்தது. தோரியம் ஒரே தாவில் ஈயமாவதில்லை. வழியில் பல பொருள்களாக மாறுகிறது. அவற்றில் சில ஆல்பா என்ற கதிரை வீசும், சில பீட்டா என்ற கதிரை, கூடவே காமாவை. ஆல்பா ஒரு காகிதத்தைத் தாண்டாது. உங்கள் குழாயின் சுவரையும் தாண்டாது. ஆனால் இந்த வரிசையில் வரும் சில பீட்டாக்கள் பலமானவை. அவை மீட்டரின் பிளாஸ்டிக் உறையைத் தாண்டி உள்ளே போய் 'டிக்' போடுகின்றன. மீட்டர் அதையும் காமா என்று எண்ணி 150-ஆல் வகுத்துவிடுகிறது. பீட்டா பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைத் தொடாது. ஆக 3.1-இல் ஒரு பகுதி உங்கள் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாதது.

எவ்வளவு பகுதி என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வீட்டிலிருந்து மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள் (அம்மாவிடம் கேட்டுவிட்டு). ஒரே இடத்தில் தட்டில்லாமல் பத்து நிமிடம், பிறகு மூன்று தட்டுகளை அடுக்கி அதன்மேல் மீட்டரை வைத்துப் பத்து நிமிடம். பீட்டா ஏறக்குறைய முழுவதும் தட்டில் நின்றுவிடும். காமா கொஞ்சம்தான் குறையும். எண் எவ்வளவு விழுகிறதோ அது பெரும்பாலும் பீட்டாவின் பங்கு. அதன் பிறகு மீட்டரை இடுப்பு உயரத்துக்கு, தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே, பிடித்து எண்ணுங்கள். நாங்கள் வெளியிடத்தில் அளக்கும் வழக்கமான உயரம் அது. மனிதன் மணலில் நடக்கிறான். மணலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு விதி இங்கே உங்கள் மகனுக்கு ஞாபகம் வரும்: தூரம் இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்றாகும். அது ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிருக்குத்தான் பொருந்தும். எங்கள் சிகிச்சை அறையில் அந்த விதியை நம்பித்தான் சுவர் எழுப்புகிறோம். பரந்து கிடக்கும் கடற்கரையில் பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மீட்டருக்குப் போனால் காமா நூறில் ஒன்றாகிவிடாது. மேலே போகப் போகக் காலடி மணல் விலகுகிறது, ஆனால் சுற்றிலும் உள்ள மணல் கூடுதலாகப் பார்வைக்கு வருகிறது. கொஞ்சம்தான் குறையும். திடீரென்று மிகவும் குறைந்தால் ஒன்று அது பீட்டா, அல்லது நீங்கள் வைத்தது கையகல மோனசைட் திட்டின்மேல்.

செல்போன் கோபுரத்தின் அடியில் 0.27 வந்ததில் நிம்மதியும் வேண்டாம், பயமும் வேண்டாம். அந்த மீட்டர் கோபுரத்தின் அலையைக் கேட்கவே கேட்காது. ரேடியோ அலையின் ஒரு துகளுக்கு எலக்ட்ரானைப் பெயர்க்கும் ஆற்றல் கிடையாது. தேவையானதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெயில் அடித்தால் தகரக் கூரை சுடும், 'தக்' என்று சத்தம் வராது. கோபுரத்தை அளக்க வேறு கருவி வேண்டும். "கெய்கர் வைத்துப் பார்த்தேன், கோபுரத்தில் கதிர்வீச்சே இல்லை" என்று காணொளி போடுபவர்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

கூரை ஏமாற்றும் இன்னொரு சந்தர்ப்பம், பேய்மழை. துளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது தனித்தனி 'தக்' இல்லை, ஒரே இரைச்சல். கெய்கர் குழாயும் ஒரு துடிப்புக்குப் பிறகு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு விநாடி செவிடாக இருக்கும். அந்த நேரத்தில் வந்த கதிர் கணக்கில் சேராது. கதிர் மிகவும் கூடினால் சில பழைய வகைக் கருவிகள் பூஜ்யத்தையே காட்டிவிடும். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தபோது கையில் கிடைத்த மீட்டர்களின் உச்சம் மணிக்கு 3.6 ரான்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு). முள் அங்கே முட்டி நின்றது, அதையே அளவு என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும், சிகிச்சைக் கருவியின் கதவருகே ஓர் இளைஞர் கெய்கரைப் பிடித்துவிட்டு "ஒன்றுமில்லை சார்" என்றார். அந்தக் கருவி கதிரைத் தொடர்ச்சியாக விடாது. விநாடிக்குச் சில நூறு மின்னல் வெட்டுகளாக விடும். ஒரு வெட்டில் நூறு கதிர் வந்தாலும் கெய்கர் ஒன்று என்றுதான் எண்ணும்.

அங்கே நாங்கள் பயன்படுத்துவது அயனிக் கலம். அது சத்தத்தை எண்ணாது. முற்றத்தில் வைத்த வாளியைப் போல, காற்றில் கதிர் உண்டாக்கிய மின்னூட்டம் முழுவதையும் சேர்த்து வைத்து அளக்கும். காற்றில் ஓர் அயனி இணையை உண்டாக்க ஏறக்குறைய 34 எலக்ட்ரான்வோல்ட் செலவாகிறது என்பது நன்றாக அளந்து வைத்த எண். ஆகவே மின்னூட்டம் தெரிந்தால் கதிர் விட்டுச்சென்ற ஆற்றல் தெரியும். கிலோவுக்கு ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. அது உடலுக்கு என்ன செய்யும் என்பதையும் சேர்த்து எடை போட்டால் சீவர்ட். காமாவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆல்பாவுக்கு இருபது மடங்கு எடை.

இத்தனை சுற்றுவழி எதற்கு, வெப்பமானியை வைத்து அளக்கக் கூடாதா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். உடல் முழுவதும் 4 கிரே வாங்கியவர்களில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. அந்த 4 கிரே உடலின் வெப்பத்தை எவ்வளவு உயர்த்தும் தெரியுமா? ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மடக்கு சூடான தேநீர் தரும் வெப்பம்கூட அதைவிட அதிகம். கதிர்வீச்சு உடலைச் சுடுவதில்லை. மூலக்கூறுகளை அங்கங்கே வெட்டுகிறது. அதனால்தான் சூட்டை விட்டுவிட்டு அயனிகளை எண்ணுகிறோம்.

சம்பந்திக்கான கணக்குக்கு வருகிறேன். மகள் உங்கள் வீட்டில் ஐந்து மாதம் இருக்கிறாள் என்று வைப்போம். 3,600 மணி நேரம். 0.28-ஆல் பெருக்கினால் 1,000 மைக்ரோசீவர்ட், அதாவது 1 மில்லிசீவர்ட். புகுந்த வீட்டில் அதே மீட்டர் 0.12 காட்டுகிறது என்று வைத்தால் அங்கே 0.43. வித்தியாசம் 0.6 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. அதில் குழந்தை வயிற்றுக்குள் இருக்கும் காலம் ஏறக்குறைய பாதிதான். கருவில் ஊனம் உண்டாக்கக்கூடிய அளவு என்று மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டிருக்கும் எல்லை சுமார் 100 மில்லிசீவர்ட். உலக சராசரி மனிதன் இயற்கையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 2.4 வாங்குகிறான். வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் 8 அளவில் போகும். (கர்ப்பகாலத்தில் எடுக்கும் வழக்கமான ஸ்கேன் ஒலியலை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) உங்கள் குளியலறைத் தரை வழுக்கும் என்றால், நான் அதைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

"ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தானே பொதுமக்களுக்கு வரம்பு?" என்று சம்பந்தி எங்காவது படித்துவிட்டு வந்து மடக்கலாம். அந்த 1, அணுமின் நிலையமோ மருத்துவமனையோ மக்கள் மேல் கூடுதலாகச் சுமத்தக்கூடியதன் எல்லை. இயற்கையாக மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவது அதில் சேராது.

உங்கள் கரைக்கு வடக்கே, கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இதைவிடப் பல மடங்கு கதிர் வீசும் மணலில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை போகும். அங்கே ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மணலின் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அந்தக் கரையில் 30,000-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைப் பார்த்த இன்னோர் ஆய்விலும் பிறவிக் குறைபாடு கூடுதலாக இல்லை. இதை வைத்து "ஆபத்து பூஜ்யம்" என்று நான் சொல்ல மாட்டேன். மிகச் சிறிய கூடுதல் இருந்தால் இவ்வளவு பெரிய ஆய்விலும் அது பிடிபடாது. உங்கள் மகளின் 0.6-க்கு அந்தப் பேச்சே வராது.

நான் உண்மையில் கவனிக்கச் சொல்வது மீட்டர் காட்டாத ஒன்றை. தோரியம் வரிசையில் தோரான், யுரேனிய வரிசையில் ரேடான் என்று இரண்டு வாயுக்கள் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் கசியும். அவை மூச்சில் போய், அவற்றின் வழித்தோன்றல்கள் நுரையீரலில் ஆல்பா வீசும். தகரக் கூரைக்குப் பனி விழும் சத்தம் கேட்காது. அதைப்போல் உங்கள் மீட்டருக்கு இது கேட்காது. மேலே சொன்ன 2.4-இல் பாதிக்கு மேல் இந்த வாயுக்களின் பங்குதான். பரிகாரம் எளியது: சன்னலைத் திறந்து வையுங்கள், தரை வெடிப்புகளைச் சிமென்ட் பூசி அடையுங்கள். தோரான் 56 விநாடிக்கு ஒரு முறை பாதியாகிவிடும். அறைக்குள் வெகுதூரம் வராது. ஆகவே கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் இரண்டடி தள்ளிப் போடுங்கள். புதிதாக அறை கட்டினால் அடித்தளத்தை நிரப்பக் கடற்கரை மணலை அள்ளிப் போட வேண்டாம். உங்கள் வீட்டின் 0.28-க்கு அப்படி ஏதாவது காரணமா என்று அறை அறையாக ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஓர் அறை மட்டும் இருமடங்கு காட்டினால் தொட்டிலை அடுத்த அறையில் கட்டுங்கள்.

மீட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எண்ணுவதற்கு அது நல்ல கருவி. விலை சொல்லும்போதுதான் உளறுகிறது. நாகர்கோவில் பக்கம் போகும்போது, கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் ஏதாவது மருத்துவமனையில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். அவரிடம் முறைப்படி சரிபார்த்த சர்வே மீட்டர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் 150 எவ்வளவு விலகியிருக்கிறது என்று அரை மணியில் தெரிந்துவிடும். எங்கள் ஆட்கள் இப்படி யாராவது வந்து கேட்டால் மகிழ்ந்துபோவார்கள். வழக்கமாக எங்களைத் தேடி வருவது ஆவணக் கோப்புகள்தான்.

தட்டுச் சோதனையின் முடிவை எழுதுங்கள். எத்தனை எண்ணிக்கை, எத்தனை நிமிடம், தரையிலிருந்து எத்தனை உயரம். மைக்ரோசீவர்ட்டை நான் இங்கே போட்டுக்கொள்கிறேன்.